கிராஃபிக்ஸ் கார்டு: விலைப்புள்ளியில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பிறகு, பில் போடவும் கணக்கு வைக்கவும் ரிட்டர்ன் தாக்கல் செய்யவும் மளிகைக் கடைக்கும் கணினி தேவையாகிவிட்டது. மலைமேல் கொடைக்கானல் ஏழு ரோட்டிலும் சரி, கீழே பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு கடைவீதிகளிலும் சரி, கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கணினி உட்கார்ந்திருப்பதை இன்று பார்க்கிறோம். புதிதாக ஒன்று வாங்க விலைப்புள்ளி கேட்டால், வருகிற தாளில் பிராசசர், நினைவகம், மானிட்டர் ஆகியவற்றோடு 'கிராஃபிக்ஸ் கார்டு' என்றும் ஒரு வரி இருக்கிறது. சில விலைப்புள்ளிகளில் அந்த ஒரு வரியின் தொகையே மற்ற பாகங்கள் எல்லாவற்றின் தொகையையும் எட்டிப் பிடிக்கிறது.

சரக்கு எடுக்க வைத்திருக்கும் முதலில் ஒரு பகுதி இதில் முடங்குகிறது. ஆகவே இந்தக் கார்டு என்ன செய்கிறது, நமக்கு இது வேண்டுமா, வேண்டுமென்றால் இரண்டு மாடல்களை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை வியாபாரிகளுக்குப் புரியும் வகையில் இங்கே காண்போம். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதைக் குறிப்பிடவில்லை. எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் எந்த மாதத்து விலைப்புள்ளியையும் நாமே எடை போடலாம்.

இதன் வேலை என்ன?

கணினித் திரையில் தெரிவதெல்லாம் சிறு சிறு புள்ளிகள். இப்போது பரவலாக விற்கும் மானிட்டரில் குறுக்கே 1,920, மேலிருந்து கீழே 1,080, ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். வினாடிக்கு 60 முறை இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்கும் குமாஸ்தாதான் கிராஃபிக்ஸ் சிப்.

பில் திரை நாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே மாதிரி நிற்பதால் அங்கே குமாஸ்தாவுக்கு வேலை குறைவு. படத்தைப் பெரிதாக்கி, நிறம் மாற்றி, வீடியோவை வெட்டி ஒட்டும்போது வேலை பல மடங்காகிறது. நம் ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளைக் கணினிப் படங்களாக மாற்றியபோது ஒவ்வொரு படமும் 4,096-க்கு 4,096 என்ற அளவு கொண்டது. அதாவது ஒரே படத்தில் 1 கோடியே 67 லட்சம் புள்ளிகளுக்கு மேல். பூண்டுக் கடைப் பில்லும் சூரியனின் படமும் ஒரே ஊரில் உள்ள கணினி வேலைகள்தான். இரண்டுக்கும் ஒரே இயந்திரம் வாங்க வேண்டியதில்லை.

யாருக்கு வேண்டாம், யாருக்கு வேண்டும்?

பில், ஸ்டாக், டாலி போன்ற கணக்கு மென்பொருள், இணையம், வங்கி வேலை ஆகியவற்றோடு நின்றுவிடும் கடைக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. பிராசசருக்குள்ளேயே அமைந்துள்ள கிராஃபிக்ஸ் போதும். கண்காணிப்புக் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். படத்தைப் பதிவு செய்வது அதற்கென உள்ள டி.வி.ஆர். பெட்டி, கணினியில் நாம் பார்க்க மட்டுமே செய்கிறோம்.

இங்கே ஒரு சிறு எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல் பிராசசர்களில் ஐ5-12400 என்று ஒன்று உண்டு. 12400 எஃப் என்றும் ஒன்று உண்டு. 'எஃப்' என்று முடிவதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600, 5600 ஜி இரண்டில் 'ஜி' உள்ளதில்தான் கிராஃபிக்ஸ் இருக்கிறது. எழுத்தைப் பார்க்காமல், விலை சற்றுக் குறைவு என்று உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாத பிராசசரை எடுத்துவிட்டால், தனிக் கார்டு போடும் வரை திரையில் ஒன்றும் வராது. மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு அதிகமாகக் கார்டுக்குக் கொடுக்க நேரும். பில் கணினிக்கான விலைப்புள்ளியில் தனிக் கார்டு இருந்தால், முதலில் பிராசசரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். காரணம் அங்கேயே இருக்கலாம்.

தனிக் கார்டு உண்மையில் உதவுவது போட்டோ ஸ்டூடியோ, கல்யாண வீடியோ தொகுப்பவர், வீட்டு வரைபடத்தை முப்பரிமாணத்தில் காட்டுபவர், விளையாட்டுக் கணினி மையம் நடத்துபவர் ஆகியோருக்கு. கோரல் டிரா, போட்டோஷாப்பில் அழைப்பிதழும் நோட்டீசும் வடிவமைப்பவர்களுக்குச் சிறிய கார்டு இருந்தால் நல்லது, பெரியது தேவையில்லை.

எண்களின் பொருள்

கார்டின் பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பது நினைவகத்தின் அளவு: 4 ஜி.பி., 8 ஜி.பி., 12 ஜி.பி. என்று. வாங்குபவரும் இதை மட்டும் பார்த்து, எட்டு நான்கைவிடப் பெரிது என்று முடிவு செய்துவிடுகிறார். ஒரு மொத்த வியாபாரக் கிட்டங்கியை நினைத்துக்கொண்டால் மற்ற எண்களும் விளங்கும்.

நினைவகத்தின் அளவு என்பது கிட்டங்கியின் பரப்பு. எத்தனை மூட்டை அடுக்கலாம் என்பதை அது சொல்லும். எத்தனை விரைவாக ஏற்றி இறக்கலாம் என்பதைச் சொல்லாது.

'பஸ்' என்று போட்டு 64 பிட், 96 பிட், 128 பிட், 192 பிட், 256 பிட் என்று எழுதியிருப்பது கிட்டங்கி வாசலின் அகலம். பரப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாசல் ஒற்றைக் கதவு என்றால் லாரி வெளியே காத்துத்தான் நிற்க வேண்டும்.

நினைவகத்தின் வகை, அதாவது டி.டி.ஆர்.4, ஜி.டி.டி.ஆர்.5, ஜி.டி.டி.ஆர்.6 என்பது மூட்டை தூக்குபவர்களின் நடை வேகம். 'ஜி' என்ற எழுத்தில் தொடங்குவது கிராஃபிக்ஸ் வேலைக்கென்றே செய்த விரைவு வகை.

வாசலின் அகலத்தையும் நடை வேகத்தையும் பெருக்கினால், ஒரு வினாடியில் எவ்வளவு சரக்கு உள்ளே வெளியே போகிறது என்பது தெரியும். இதைப் பேண்ட்வித் என்கிறார்கள். கணக்கு எளிது. பிட் எண்ணை 8-ஆல் வகுத்து, நினைவக வேகத்தால் பெருக்க வேண்டும். 128 பிட், 14 ஜிகாபிட் வேகம் என்றால், 128-ஐ 8-ஆல் வகுக்க 16. அதை 14-ஆல் பெருக்க 224. வினாடிக்கு 224 ஜி.பி. என்று பொருள்.

'கோர்' எண்ணிக்கை என்பது உள்ளே உட்கார்ந்து சரக்கைத் தரம் பிரிக்கும் ஆட்களின் எண்ணிக்கை. மெகாஹெர்ட்ஸ் கணக்கில் தரும் வேகம் அவர்களின் கைவேகம்.

கடைசியாக வாட். இது அந்தக் கிட்டங்கியின் நடைமுறைச் செலவு. முழு வேலையில் கார்டு எவ்வளவு மின்சாரம் எடுக்கும், எவ்வளவு வெப்பம் விடும் என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடும்.

ஒரே பெயர், வேறு சரக்கு

பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனாலும் வடுகபட்டிச் சந்தையில் 'மலைப்பூண்டு' என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் யாரும் மூட்டைக்கு விலை சொல்லிவிடுவதில்லை. பல்லின் பருமன், தோலின் நிறம், காய்ச்சல், வாசனை எல்லாம் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டிலும் பெயர் ஒன்றாக இருந்து சரக்கு வேறாக இருப்பது உண்டு. நடந்தவற்றில் சிலவற்றைத் தருகிறோம்.

என்விடியா நிறுவனத்தின் ஜி.டி. 1030 என்ற சிறிய கார்டு 2017-இல் வந்தது. 2 ஜி.பி., ஜி.டி.டி.ஆர்.5, 64 பிட் பஸ். வினாடிக்கு 48 ஜி.பி. நகர்த்தும். 2018-இல் அதே பெயரில், அதே 2 ஜி.பி., அதே 64 பிட், அதே 384 கோர் என்று இன்னொன்று வந்தது. நினைவகம் மட்டும் டி.டி.ஆர்.4. இது நகர்த்துவது வினாடிக்கு 16.8 ஜி.பி.; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விளையாட்டுகளை ஓட்டிச் சோதித்தவர்கள் பல இடங்களில் வேகம் பாதியளவுக்கு இறங்குவதைக் கண்டார்கள். பெட்டியில் '2 ஜி.பி.' என்பதை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வழியில்லை.

ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற கார்டு 2022 ஜனவரியில் 8 ஜி.பி. நினைவகத்தோடு வந்தது. 2024-இல் 6 ஜி.பி. நினைவகத்தோடு அதே பெயரில் இன்னொன்று. நினைவகம்தான் கொஞ்சம் குறைவு என்று தோன்றும். விவரத்தாளைப் பாருங்கள்.

8 ஜி.பி. வகை: 2,560 கோர், 128 பிட், வினாடிக்கு 224 ஜி.பி., 130 வாட்.
6 ஜி.பி. வகை: 2,304 கோர், 96 பிட், வினாடிக்கு 168 ஜி.பி., 70 வாட்.

ஆள் குறைவு, வாசல் குறுகல், ஓட்டமும் குறைவு. ஆனால் மின்சாரம் ஏறத்தாழ பாதிதான். ஆக, இரண்டாவதை மோசமான சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அது வேறு சரக்கு. விலையும் அதற்கேற்ப இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

வாங்குபவர்கள் கேள்வி கேட்டதால் பெயரே மாறிய கதையும் உண்டு. 2022 செப்டம்பரில் என்விடியா, ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜி.பி., 12 ஜி.பி. என்று இரண்டு கார்டுகளை அறிவித்தது. முதலாவதில் 9,728 கோர். இரண்டாவதில் 7,680 தான். உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதால், அடுத்த மாதமே 12 ஜி.பி. கார்டின் அறிவிப்பை நிறுவனம் திரும்பப் பெற்றது. பிறகு 2023 ஜனவரியில் அதே சிப், ஆர்.டி.எக்ஸ். 4070 டி.ஐ. என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

எண்கள் மட்டும் போதாத இடம்

மேலே சொன்ன ஒப்பீடு ஒரே தலைமுறைக் கார்டுகளுக்குச் சரியாகப் பொருந்தும். தலைமுறை மாறினாலும் கம்பெனி மாறினாலும் அப்படியே பொருந்தாது. ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில் 3,584 கோர், 192 பிட், வினாடிக்கு 360 ஜி.பி., 170 வாட், 12 ஜி.பி. நினைவகம். அடுத்த தலைமுறை ஆர்.டி.எக்ஸ். 4060-இல் 3,072 கோர், 128 பிட், 272 ஜி.பி., 115 வாட், 8 ஜி.பி. நினைவகம். தாளில் பார்த்தால் பழையதே பெரிது. ஆனால் வேலையில் பெரும்பாலும் புதியதே முந்துகிறது. அதன் கைவேகம் அதிகம். அடிக்கடி தேவைப்படும் சரக்கை வாசலுக்கு அனுப்பாமல் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் உள் அலமாரியும் அதில் பெரிது. இதைக் கேஷ் என்பார்கள்.

ஆனால் 8 ஜி.பி.-க்கு மேல் நினைவகம் கேட்கும் பெரிய வீடியோ வேலையோ, செயற்கை நுண்ணறிவு வேலையோ வந்தால் பழைய 12 ஜி.பி. கார்டே கைகொடுக்கும். கிட்டங்கி நிறைந்துவிட்டால் ஆட்கள் எத்தனை சுறுசுறுப்பாக இருந்தும் பயனில்லை.

ஆகவே தலைமுறை மாறும்போது கோர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நாம் பயன்படுத்தும் அதே மென்பொருளில் இரண்டு கார்டுகளும் எடுத்துக்கொண்ட நேரத்தைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முடிந்தால் நம் வேலை ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, விற்பவர் கடையிலேயே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.

பழைய கணினியில் பொருத்துபவர்களுக்கு

புதுக் கணினி வாங்காமல் இருப்பதிலேயே கார்டைச் சேர்க்க நினைப்பவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது மின் இணைப்பு. மதர்போர்டின் ஸ்லாட் வழியாகக் கிடைப்பது 75 வாட் வரைதான். மேற்சொன்ன 70 வாட் கார்டு அதிலேயே ஓடும். 130 வாட் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து தனிக் கேபிள் வேண்டும். அந்தக் கேபிள் இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ்.-ஐயும் மாற்றும் செலவு வரும். இரண்டாவது நீளமும் உயரமும். மேசைமேல் வைக்கும் ஒல்லியான பெட்டிகளில் பல கார்டுகள் நுழையாது.

மூன்றாவது, கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே உள்ள பாதை. ஏ.எம்.டி. நிறுவனம் 2022 ஜனவரியில் கொண்டுவந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்ற கார்டு நான்கே தடங்களில் ஓடுகிறது. நான்காம் தலைமுறை ஸ்லாட் உள்ள புதிய மதர்போர்டில் அது போதும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட் உள்ள பழைய கணினியில் பாதையின் கொள்ளளவு பாதியாகி, வேகம் குறைகிறது. வீடியோவைப் பதிவாக்கும் தனிப் பகுதியும் அந்தக் கார்டில் இல்லை. பழைய கணினிக்குக் குறைந்த விலைக் கார்டு தேடும் ஸ்டூடியோக்காரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மலைமேல் கடை வைத்திருப்பவர்களுக்கு

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறியால் குளிர்விக்கும் எந்தப் பொருளும் காற்றை நம்பியே இருக்கிறது. இங்கே காற்று குளிர்ச்சியாக இருப்பதால் அந்தக் குறை பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. ஆனால் மழைக்கும் பனிக்கும் கதவை அடைத்த சிறு அறையில், சுவரோடு ஒட்டிக் கணினியை வைத்தால் அந்த ஈடு கிடைக்காது. பெட்டிக்குப் பின்னால் காற்றோட்டம் விடுங்கள்.

ஈரம் இன்னொரு பகை. குளிரில் ஏற்றி வந்த கார்டைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே மின்சாரம் கொடுக்க வேண்டாம். நீர் கோத்திருந்தால் உலரும் வரை விட்டுவைத்துப் பிறகு பொருத்துங்கள்.

மின்சாரம் போய்ப் போய் வரும் நாட்களில் யு.பி.எஸ். தேவை. 600 வி.ஏ. என்று போட்ட யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். பெரிய கார்டு போட்டுவிட்டுப் பழைய யு.பி.எஸ்.-ஐ வைத்துக்கொண்டால், மின்சாரம் போகும் அந்த நொடியிலேயே கணினியும் அணைந்துவிடும்.

மின்கட்டணத்தையும் கணக்கிடுங்கள். 130 வாட், 70 வாட் கார்டுகளுக்கு இடையே வேறுபாடு 60 வாட். நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள், இரண்டும் முழு வேலையில் ஓடினால் 180 யூனிட் வேறுபாடு. அதை உங்கள் வணிக மின் இணைப்பின் யூனிட் கட்டணத்தால் பெருக்கினால் ஆண்டுச் செலவு தெரியும்.

கார்டு பழுதானால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ மலை இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. கொஞ்சம் விலை கூடினாலும் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ பழுது பார்த்துத் தரும் பிராண்டை எடுப்பது மலைவாழ் வியாபாரிக்கு லாபமாகவே இருக்கும்.

பில், வரி, வாரண்டி

கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சாதாரண முறையில் பதிவு பெற்ற வியாபாரி தொழிலுக்காக வாங்கினால், தன் ஜி.எஸ்.டி. எண்ணைப் பில்லில் எழுதி வாங்கி, உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை; வரியும் சேர்ந்த தொகையே அவர்களுக்கு அடக்க விலை. எனவே 'பில் இல்லாமல் என்றால் விலை குறைவு' என்று சொல்லப்படும் கார்டு, பதிவு பெற்ற வியாபாரிக்குப் பல சமயம் குறைந்த விலையே அல்ல. பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்கவும் வழியிருக்காது.

பில்லில் கார்டின் முழுப் பெயர், நினைவக அளவு, நினைவக வகை, வரிசை எண் நான்கும் இருக்க வேண்டும். 'கிராஃபிக்ஸ் கார்டு 1' என்று மட்டும் எழுதிய பில்லை ஏற்காதீர்கள்.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதென்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்துக்காக இரவு பகலாக ஓட்டப்பட்ட கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த முறை முடிவுக்கு வந்த பிறகு, பழைய சாமான் சந்தைக்கு ஏராளமாக வந்தன. விசிறியும் நினைவகமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. பழைய சிப்புக்குப் புதிய பெயர் ஏற்றிய போலிகளும் விற்கப்பட்டிருக்கின்றன. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஓட்டினால், கோர் எண்ணிக்கை, நினைவக வகை, பஸ் அகலம் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். பணம் கொடுக்கும் முன் அந்தத் திரையையும் பில்லையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

1. என் வேலைக்குத் தனிக் கார்டு வேண்டுமா? உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உள்ள பிராசசர் போட்டால் மொத்த விலை என்ன?
2. நினைவகம் எவ்வளவு, எந்த வகை, பஸ் எத்தனை பிட்?
3. இதே பெயரில் வேறு வகை விற்பனையில் உள்ளதா? இது அவற்றில் எது?
4. கோர் எத்தனை, முழு வேலையில் எத்தனை வாட்? என் எஸ்.எம்.பி.எஸ்.-உம் யு.பி.எஸ்.-உம் தாங்குமா?
5. என் மானிட்டரின் கேபிள் இதில் பொருந்துமா?
6. வாரண்டி எத்தனை ஆண்டு, எந்த ஊரில் மாற்றித் தருவார்கள்?

இந்த ஆறுக்கும் எழுத்தில் பதில் தரும் இரண்டு கடைகளின் விலைப்புள்ளிகளை வாங்கிப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். விசிறியின் எண்ணிக்கை, வண்ண விளக்கு, பெட்டிமேல் உள்ள 'ஓ.சி.' என்ற முத்திரை ஆகியவற்றுக்குக் கூடுதல் விலை கேட்டால் தயங்காமல் பேரம் பேசலாம். அந்த முத்திரைக்குக் கைவேகத்தைத் தொழிற்சாலையிலேயே சற்றுக் கூட்டியிருக்கிறார்கள் என்று மட்டுமே பொருள். பயன் பெரும்பாலும் சில சதவீதம்தான்.

நம்மிடம் வரும் வாடிக்கையாளர் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறார், அரிசியைக் கடித்துப் பார்க்கிறார்; நாமும் அதைத் தவறாக நினைப்பதில்லை. கணினிக் கடையில் நாம் வாடிக்கையாளராக நிற்கும்போது நமக்கும் அந்த உரிமை உண்டு.